மார்பகப் புற்றுநோய்: மரபணுவும் மருந்தும்



சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா வட்டாரங்களில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின, லயத்துப் பேச்சு மட்டும் போகவில்லை. ஒரு தாய்க்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தால், "அது குடும்ப நோய், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிக்க வேண்டும்" என்பார்கள். மகளின் கல்யாணத்தை நினைத்தே கட்டியை மறைத்து வைக்கும் தாய்மார்களும் உண்டு. டாக்டர் "மரபணு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலோ, அந்தப் பயம் இரட்டிப்பாகிறது.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். பெற்றோரிடமிருந்து பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறால் உண்டாகும் மார்பகப் புற்றுநோய், நூற்றில் 5 முதல் 10 வரைதான். மற்றவற்றில், பிறந்து பல ஆண்டுகள் கழித்து, மார்பிலுள்ள ஏதோ ஓர் உயிரணுவில் மட்டும் கோளாறு நேர்கிறது. அது கட்டியோடு நிற்பது, மகளுக்குப் போவதில்லை.

அத்தகைய ஒன்றுதான் ஹெர்-2 என்னும் மரபணு. இது எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. உயிரணுவுக்கு "வளரு" என்று சொல்லும் வேலை இதனுடையது. பழைய தோட்டத்துப் பெரட்டு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஒரு மணி அடித்தால் ஆட்கள் எழுந்து வேலைக்குப் போவார்கள். இருபது மணிகளைக் கட்டி இரவும் பகலும் அடித்தால் என்ன ஆகும்? சில கட்டிகளில் இந்த மரபணு பல மடங்கு பெருகி, அப்படித்தான் ஓயாமல் அடிக்கிறது. இப்படிப்பட்ட புற்றுநோய் வேகமாகப் பரவக்கூடியது என்பதை 1987-ல் அமெரிக்க மருத்துவர் டெனிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள்.

கீமோதெரபி, லாலானுக்கு மருந்து அடிப்பது போன்றது. பக்கத்திலுள்ள நல்ல செடியும் வாடும். முடி கொட்டுவது அதனால்தான். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் வேறு வகை. ஹெர்-2 மணியின் நாக்கைத் தேடிப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஆரம்ப நிலை நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பி வரும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2005-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு வரை ஏற்றுவார்கள். இருதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே இருதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். அந்த நாளைத் தவறவிடக் கூடாது.

இது வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 560 மலேசியப் பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுப் பெண்களைவிட இங்கே ஹெர்-2 வகை கூடுதலாக இருந்தது.

ஆனால் மணி அடிக்காத கட்டிக்கு இம்மருந்தால் பயனில்லை. ஆகவே கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதித்து 0, 1, 2, 3 என்று எண் போடுகிறார்கள். 3 என்றால் ஹெர்-2 உண்டு. 2 என்றால் முடிவாகவில்லை. இன்னொரு சோதனை வேண்டும். பலர் வழிதவறுவது இங்கேதான். 2 என்பதை "இல்லை" என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஹெர்-2 இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் ஹார்மோனைச் சார்ந்து வளர்பவை. அவற்றுக்குத் தமோக்சிஃபென் போன்ற, விலை குறைந்த மாத்திரைகள் உண்டு.

விலை என்றதும் ஒரு செய்தி. டிராஸ்டுசுமாப் தொடக்கத்தில் எட்டாத விலையில் இருந்தது. 2014-ல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் அதற்கு இணையான மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகையால் காசை நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியானாலும் வேறெங்கானாலும், "ஹெர்-2 சோதனை முடிவு என்ன? அம்மாவுக்கு இந்த மருந்து பொருந்துமா?" என்று மகனோ மகளோ கேட்கலாம். சோதனைத் தாளின் நகலை வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.