ஐந்து வீட்டுக்கு ஒரே மீட்டர்

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் வழியில் இருக்கிறது பொங்கலூர். பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போய்வரும் குடும்பங்கள் பலவும் இந்தப் பக்கம் லைன் வீட்டில்தான் குடியிருக்கின்றன. ஒட்டியொட்டி ஐந்து வீடு, மேலே சிமென்ட் ஷீட், ஓரத்தில் ஒரே ஒரு மின்வாரிய மீட்டர். வீட்டுக்கு வீடு ஓனர் மாட்டிய சப் மீட்டர். மாசம் பிறந்தால் நோட்டோடு வந்து ரீடிங் எழுதுவார். "யூனிட்டுக்குப் பத்து ரூபாய்ங்க." நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், ஃபேனைப் போடாமல் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஷீட்டின் கீழே சித்திரை வெயில் எப்படி இறங்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறை. ஆனால் அந்தச் சலுகை மீட்டருக்கு ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தனி மீட்டர் உள்ள குடும்பம் இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓட்டினால், 2024 ஜூலைக் கட்டணப்படி 240 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து 1,200 ரூபாய். அதே ஐந்து குடும்பமும் ஒரே மீட்டரில் ஓட்டினால் ஆயிரம் யூனிட் ஆகிறது. 500-ஐத் தாண்டியதும் மானியம் குறைந்து, மேல் படிகளின் கட்டணம் விழுகிறது. பில் ஏறத்தாழ 7,000 ரூபாய். ஓனருக்கே யூனிட் ஏழு ரூபாய் அடக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு மேல் போகும் மூன்று ரூபாய்க்குத்தான் நியாயம் இல்லை. உரிமம் இல்லாமல் மின்சாரத்தை வாங்கி விற்பதை மின்சாரச் சட்டம் 2003, 12-ம் பிரிவிலேயே தடுக்கிறது.

ஆக, தனி மீட்டர்தான் வழி. அது ஓனர் கையில் மட்டும் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 43-ம் பிரிவு, வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ யார் கேட்டாலும் இணைப்புத் தரவேண்டும் என்கிறது. ஓனர் சம்மதக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபம். மறுத்தாலும் கதவு அடைபடவில்லை: முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரம், ஈட்டுறுதிப் பத்திரம், இருமடங்கு டெபாசிட் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க தமிழ்நாட்டு மின் பகிர்மான விதியில் இடம் உண்டு. வாடகை ரசீதை வாங்கி வைக்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தனி வாசலும் தனி ஒயரிங்கும் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கிடப்பில் கிடந்தாலோ பில்லில் தகராறு என்றாலோ மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அங்கேயும் தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். சொந்த இணைப்பு வந்தபின் பாக்கிக்காகக் கரண்டைத் துண்டிப்பதென்றால், எழுத்து மூலம் 15 நாள் நோட்டீஸ் தந்தாக வேண்டும். கோபத்தில் கொக்கி மட்டும் போட்டுவிடாதீர்கள். உயிருக்கும் ஆபத்து, 135-ம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

ஒரு குடும்பமாகப் போய்க் கேட்டால் "வீட்டைக் காலி பண்ணுங்க" என்று பதில் வரும் என்ற பயம் நியாயமானது. ஐந்து வீடும் சேர்ந்து கேட்டால் ஓனரும் உட்கார்ந்து பேசுவார். அவருக்கும் பில் பாரம் இறங்குகிறதே. டெபாசிட்டுக்கும் ஒயரிங்குக்கும் மகளிர் குழுவில் கடன் எடுத்து இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக அடைக்கலாம். மிச்சமாகும் கரண்ட் காசே தவணைக்கு உதவும்.

ஊராட்சிக்கும் இதில் வேலை இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையையே சொந்தமாக வாங்கிப் போட்டது. காற்றாலை இறக்கை சுற்றுவதைத் தினமும் பார்க்கிற நம் பக்கத்து ஊராட்சிகளிடம் நான் கேட்பது அவ்வளவு பெரிது அல்ல. லைன் வீடுகளில் எத்தனை குடும்பத்துக்குத் தனி மீட்டர் இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வைத்து, மின்வாரிய அலுவலகத்துக்கு அனுப்பட்டும்.