சிவப்புத் தொப்பி வேலை யாருக்குப் பொருந்தும்?

வெலிங்டன், பரங்கிமலை மாதிரியான கன்டோன்மென்ட் பகுதிகளில் இப்படியொரு காட்சி கண்ணில் படலாம். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் வரும் ஜவானை ஒருவர் சாலையோரமாக நிறுத்துகிறார். அவரும் ராணுவச் சீருடைதான். ஆனால் தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்பில் வெள்ளை பெல்ட், கையில் ‘எம்.பி.’ என்று சிவப்பில் எழுதிய கறுப்புப் பட்டை. அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறார். எண், பதவி, யூனிட், இடம், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். அபராத ரசீது கிடையாது, அதட்டலும் கிடையாது. ஆனாலும் ஜவானின் முகம் சுண்டிப்போகிறது. அந்தக் குறிப்பு அறிக்கையாகி அவருடைய கமாண்டிங் ஆபீசரின் மேசைக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எச்சரித்து விடுவதா, தண்டிப்பதா என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள்.

நிறுத்தலாம், பிடித்து வைக்கலாம், எழுதி அனுப்பலாம், தண்டிக்க முடியாது. ‘மிலிட்டரி போலீஸ்’ எனப்படும் ராணுவப் போலீசின் அதிகாரம் இவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு இந்த வேலைக்குக் கிரவுண்டில் ஓடிப் பழகும் பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 107ஆவது பிரிவில் ‘புரொவோஸ்ட் மார்ஷல்’ என்ற பதவியைப் பற்றிப் பேசுகிறது. ராணுவக் குற்றத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டவர்களைப் பொறுப்பேற்பதும், படையினரிடையே ஒழுங்கைக் காப்பதும் அவருடைய கடமை. ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட எவரும் குற்றம் செய்தால், புரொவோஸ்ட் மார்ஷலும் அவருக்குக் கீழே முறைப்படி பணியாற்றுபவர்களும் கைது செய்யலாம். ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையை நிறைவேற்றலாம். தாமாக எந்தத் தண்டனையும் கொடுக்கக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை: ஓர் அதிகாரியைக் கைது செய்ய வேண்டுமானால் இன்னோர் அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் பதவி வரிசையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ராணுவத்தில் தோளிலும் கையிலும் இருக்கும் பட்டைதான் எல்லாம். அங்கே இருபது வயது எம்.பி. ஒருவர், தன் வயதைவிட அதிக ஆண்டு சர்வீஸ் போட்ட சுபேதாரை வழிமறித்து, ‘சாப், உங்கள் லீவு பேப்பரைக் காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கும். குரல் உயரவும் கூடாது, குழையவும் கூடாது. கேட்கப்படுபவர் சிடுசிடுத்தாலும், ‘எந்த ஊர் தம்பி நீ?’ என்று உறவு கொண்டாடினாலும், எழுத வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும். பட்டாளத்தில் எம்.பி.க்கு நண்பர்கள் குறைவு என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் பலரும் இந்தப் பிரிவை மற்ற சீருடைகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். சி.ஆர்.பி.எப்., சி.ஐ.எஸ்.எப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ‘பட்டாலியன் போலீஸ்’ எனப்படும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை மாநில அரசுடையது. ராணுவப் போலீசோ தரைப்படையின் ஓர் அங்கம். அதில் இருப்பவர் முதலில் சிப்பாய், பிறகுதான் போலீஸ். சாதாரணக் குடிமக்கள் மீது அவருக்குக் காவல்துறை அதிகாரம் இல்லை. ஜவானே ஆனாலும், போர்ப் பணியில் இல்லாதபோது உள்நாட்டில் பொதுமக்களில் ஒருவரைக் கொலை செய்தாலோ, பாலியல் வன்கொடுமை செய்தாலோ வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போகும். அதே சட்டத்தின் 70ஆவது பிரிவு சொல்வது இது.

லீவு பேப்பரும் ஹெல்மெட்டும் அமைதிக்கால வேலை. போர் வந்தால் இந்தப் பிரிவின் தலையில் முதலில் விழுவது போக்குவரத்து. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரே ஒரு மலைச்சாலை, நூற்றுக்கணக்கான லாரிகள், பீரங்கி இழுக்கும் வண்டிகள், எதிரே காயம்பட்டவர்களைச் சுமந்துவரும் ஆம்புலன்ஸ்கள், முகப்பு விளக்கு போடக் கூடாத இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி முதலில் போவது, எது ஒதுங்கி நிற்பது என்று சொல்ல அந்த வளைவில் ஒருவர் நின்றாக வேண்டும். கான்வாய் சிக்கிக்கொண்டால் அது எதிரிக்குச் சுலபமான இலக்கு. வழிகாட்டிப் பலகை நடுவது, படையைத் தவறவிட்ட வீரர்களைச் சேர்த்து அனுப்புவது என இந்த வேலைக்குக் கிளைகள் நிறைய.

அடுத்தது போர்க் கைதிகள். 1971 டிசம்பரில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, சிவிலியன்களையும் சேர்த்து சுமார் 93,000 பேர் இந்தியாவின் பொறுப்பில் வந்தார்கள். கைதிகளைச் சோதிப்பது, பட்டியல் எடுப்பது, பின்னுக்குக் கொண்டுவருவது, காவல் காப்பது எல்லாம் ராணுவப் போலீஸ் பழகியிருக்க வேண்டிய கலை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் வாய் திறக்கச் சொல்லி அடிக்கவோ மிரட்டவோ கூடாது. நேற்று வரை சுட்டுக்கொண்டிருந்த மனிதனிடம் இந்த வரம்பு மீறாமல் நடந்துகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் பயிற்சி தரும் மையமும் பள்ளியும் பெங்களூருவில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் மேல் மனிதக் கோபுரம் கட்டும் ‘ஷ்வேத் அஷ்வ்’ சாகசக் குழுவும் இந்தப் பிரிவுடையதுதான். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு வேலையே அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவின் பெயர் இப்போது அதிகம் அடிபடுவதற்குப் பெண்கள்தான் காரணம். அதிகாரியாக அல்லாமல் சிப்பாயாகவே தரைப்படையில் பெண்கள் சேரலாம் என்ற முடிவு 2019 ஜனவரியில் வெளியானது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். அவர்களுக்கென்று திறந்த கதவு ராணுவப் போலீஸ். படிப்படியாக இந்தப் பிரிவில் 20 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. பாலியல் குற்றங்களை விசாரிக்க, தேடுதல் வேட்டையில் பெண்களைச் சோதனையிட, எல்லைக் கிராமங்களைக் காலி செய்ய, பெண்கள் திரளும் கூட்டத்தைச் சமாளிக்கப் பெண் சிப்பாய்கள் தேவை என்று காரணம் சொல்லப்பட்டது. முதல் 100 இடங்களுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்தன. 61 வாரப் பயிற்சி முடித்து, 2021 மே 8 அன்று பெங்களூரு மைதானத்தில் உறுதிமொழி எடுத்தவர்கள் 83 பேர். துப்பாக்கியும் காவல் பணியும் மட்டுமல்ல, எல்லா வகை வண்டிகளையும் ஓட்டிப் பராமரிக்கவும், தகவல் தொடர்புக் கருவிகளைக் கையாளவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த 83 பேர் பழைய விதிகளின்படி சேர்ந்தவர்கள். 2022-ல் நான்காண்டுப் பணித் திட்டமான அக்னிபத் வந்த பிறகு பெண்களும் அக்னிவீராகத்தான் சேர முடியும். 2025 அறிவிப்பின்படி வயது 17½ முதல் 21 வரை. பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 33. சேரும்போது மணமாகியிருக்கக் கூடாது. குழந்தை இல்லாத விதவைகளுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் வழி உண்டு. 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடினால் முதல் குரூப், எட்டு நிமிடத்துக்குள் முடித்தால் இரண்டாவது. பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும்.

ஓட்டத்தைப் பழகிக்கொள்ளலாம், உயரத்தை என்ன செய்வது? குறைந்தபட்சம் 162 சென்டிமீட்டர் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையில் பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 159 போதும். பயிற்சி அகாடமியில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பிறகு ஆள்சேர்ப்பு ராலியில் அளவுகோலுக்குக் கீழே நின்று திரும்பும் பிள்ளைகளைப் பற்றி அந்த அகாடமிகள் விளம்பரம் போடுவதில்லை. முதலில் வீட்டுச் சுவரில் அளந்து பாருங்கள், அது இலவசம்.

கிரவுண்டுக்கு முன்னால் ஆன்லைன் எழுத்துத் தேர்வு உண்டு. 50 கேள்விகள், ஒரு மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். 2025 முதல் தமிழிலும் எழுதலாம் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் பெங்களூரு பயிற்சியில் தமிழ் பேசிக் காலம் தள்ள முடியாது. இந்தி அங்கே புழங்கும் மொழி. போகும் முன்பே காதில் விழுந்து பழகியிருந்தால் நல்லது. என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு. பள்ளியில் அந்தச் சீருடையை ஏளனமாகப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் வருந்துவார்கள்.

இனி, ‘நாலு வருஷம் கழிச்சு என்ன?’ என்று வீட்டில் கேட்கும் கேள்வி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் போக 21,000 கையில் வரும். நான்காம் ஆண்டு 40,000-க்கு 28,000. பிடித்த தொகைக்கு ஈடாக அரசும் போட, வட்டியோடு சேர்த்து முடிவில் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. ஒவ்வொரு தொகுதியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். அவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டு இருக்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு 2022-ல் அறிவிக்கப்பட்டது. பெண் அக்னிவீர்களின் முதல் தொகுதி பெங்களூருவில் பயிற்சியைத் தொடங்கியது 2023 மார்ச்சில். அவர்களின் நான்காண்டுக் கணக்கு 2027-ல்தான் முடிகிறது. ஆகவே ‘வெளியே வந்ததும் வேலை காத்திருக்கும்’ என்று எந்த அகாடமி உறுதி சொன்னாலும் அதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் மூன்று பேர் வெளியே வருவார்கள் என்று வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும்போதே தபால் வழியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆண் பிள்ளைகளுக்குக் கதை வேறு. பொதுப்பணி அக்னிவீராகச் சேர்பவர் எந்தப் பிரிவுக்குப் போகிறார் என்பதைப் படையின் தேவைதான் தீர்மானிக்கும். சிவப்புத் தொப்பிதான் வேண்டும் என்று அடம்பிடித்து ராலிக்குப் போக முடியாது.

போலீஸ் வேலையைவிட விசாரணையிலும் வழக்கிலும்தான் ஆர்வம் என்றால், ராணுவத்துக்குள்ளேயே அதற்கு வேறு இடம் இருக்கிறது. ராணுவத்தின் சட்டப் பிரிவான ‘ஜாக்’. எல்.எல்.பி.யில் 55 சதவீதம், வயது 21 முதல் 27, கிளாட் முதுநிலைத் தேர்வு, பிறகு நேர்காணல். சேர்வது அதிகாரியாக. பயிற்சிக்குப் பரங்கிமலை அதிகாரிகள் அகாடமி இருக்கிறது. ஜாக் பிரிவில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று என்று பிரித்து வைத்திருந்ததை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தகுதிப் பட்டியல் இருபாலருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.