வைத்தியர் உருவாகும் விதம்

பட்டம் பெற்ற அன்றே ஒருவர் முழு வைத்தியர் ஆகிவிடுகிறாரா? சட்டமே அவ்வாறு கொள்வதில்லை. இலங்கையில் ஐந்தாண்டுக் கல்வியை முடித்தவர், மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவுடன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறவேண்டும். அதன் பின்னரே அவர் முழுப் பதிவுக்கு உரியவராகிறார். நூல்கள் அறிவைத் தருகின்றன. நோயாளியிடம் பேசும் முறை, கேட்கும் முறை, நிற்கும் முறை ஆகியவற்றை வாட்டுகளே பழக்குகின்றன.

இப்பழக்கம் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். கல்முனைக் கரையில் ரமழான் மாதத்து வைத்தியசாலைக் காட்சி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சீனி வருத்தமுள்ள மூதாட்டி ஒருவர் இளம் வைத்தியர் முன் அமர்கிறார். "குளிசை ஒழுங்காகப் போடுறீங்களா, உம்மா?" என்பது கேள்வி. "ஓம், மகன்" என்பது விடை. வைத்தியர் அதனை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைக்கிறார். மூதாட்டி நோன்பு நோற்றிருப்பதோ, உணவின்றி அதே குளிசையை விழுங்குவதோ ஏட்டில் ஏறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஏசுவாரோ என்ற அச்சத்தால் தாமாகச் சொல்லவில்லை. அன்று பிற்பகலில் குருதியிலுள்ள சீனி சட்டெனக் குறைந்து, வியர்த்து நடுங்கி, அவர் மயங்கி விழக்கூடும்.

இதனை அவ்விளைஞரின் கல்நெஞ்சம் என்று கூறுவது நீதியன்று. அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவரை ஆராய்ந்து, ஹவார்ட் பெக்கரும் அவர்தம் துணைவரும் 1961இல் ஒரு நூல் வெளியிட்டனர். உயர்ந்த இலட்சியத்தோடு நுழையும் மாணவர், பாடச்சுமை அழுத்தவே, ஆசிரியர் எதை வினவுவார் என்பதையே கருதிப் படிக்கத் தொடங்குவதை அவர்கள் கண்டனர். இலட்சியம் அழிந்துவிடுவதில்லை, ஒதுங்கி நிற்கிறது. அதனை மீண்டும் அழைப்பது பயிற்சியின் கடமை.

தமிழ் மண்ணில் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவருக்கு மேலைமருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதையும், கிராமங்கள் வைத்தியரின்றி இருப்பதையும் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கற்கும் மொழி வைத்தியரின் நோக்கையும் மாற்றும் என்பதே அவர் கண்ட பாடம்.

இன்று மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்கிறது. அதனால் உலக அறிவு கைக்கெட்டுகிறது. ஆனால் நோயாளி தம் நோயைச் சொல்வது ஊர்மொழியில். ஆகவே இரண்டுக்கும் பாலமாவது புதிய வைத்தியரின் முதற்பணியாகிறது.

அம்மூதாட்டியிடம், "நோன்பா, உம்மா?" என்று முதலில் கேட்டிருந்தால் போதும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை நினைவூட்டலாம். நோற்பதில் அவர் உறுதியாயிருந்தால், ஆபத்தில்லையெனக் கண்டபின், குளிசையின் அளவையும் வேளையையும் ஸஹருக்கும் நோன்பு துறக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாற்றலாம். விரல்நுனியில் குத்திக் குருதியைச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர் பலரின் முடிவு. சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விடவேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லி அனுப்பலாம்.

இக்கேள்வியை மூத்த வைத்தியர் ஒருவர் கேட்க, இளையவர் அருகே நின்று பார்க்கவேண்டும். தொழிலின் பண்பு அவ்வாறே கைமாறுகிறது. நோயாளி அஞ்சாமல் உண்மை சொல்லும் நாளிலேதான் பட்டதாரி வைத்தியர் ஆகிறார்.