நீரிலிருந்து பிறக்கும் மூச்சு

மூச்சுக்கு நாம் விலை கொடுப்பதில்லை. ஆதலால் அதன் அருமையை எண்ணிப் பார்ப்பதுமில்லை. புவிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றிவரும் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வாழ்வோர்க்கோ, அது நாள்தோறும் ஆக்கிக்கொள்ள வேண்டிய பொருளாகும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். அதனைக் கனத்த உருளைகளில் அடைத்து அனுப்புவதிலும் நீராக அனுப்புதல் எளிது. நீரின் நிறையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசன் அன்றோ! அந்நீரிற் பெரும்பகுதியும் அங்கேயே கிடைக்கின்றது. அங்கு வாழ்வோரின் வியர்வையும் சிறுநீருமே தூய்மை செய்யப்பட்டு மீண்டும் நீராகின்றன.

நீரை மின்னாற் பகுக்கும் முறை புதியதன்று. 1800ஆம் ஆண்டிலே நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர், வோல்ற்றாவின் மின்னடுக்கைக் கொண்டு அதனைச் செய்து காட்டினர். ஒரு மின்வாயில் ஒட்சிசனும் மற்றதில் ஐதரசனும் குமிழிகளாய் மேலெழும். இன்று பாடசாலை மாணவரும் செய்யும் பரிசோதனை இது.

ஆயின், எடையற்ற அவ்விடத்தில் மேல் என்பதுமில்லை, கீழ் என்பதுமில்லை; குமிழி எழுவதெங்ஙனம்? அது மின்வாயைப் பற்றிக்கொண்டு நீரைத் தடுத்து நிற்கும். எனவே வாயுவையும் நீரையும் வேறாக்கத் தனியமைப்பு வேண்டும். 2007இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்கக் கருவியில், மெல்லிய மென்சவ்வொன்று ஒட்சிசனையும் ஐதரசனையும் பிரித்து வைக்கின்றது. ஐதரசனோடு கலந்து வரும் நீரைச் சுழற்றிப் பிரிக்கின்றனர்.

இது வீண் நுட்பமன்று. ருஷ்யரின் 'மீர்' நிலையத்தில் 'எலெக்ரோன்' என்னும் மின்பகுப்புக் கருவி இருந்தது. 1997 பெப்ரவரி 23ஆந் திகதி அங்கு அறுவர் கூடியிருந்தமையால், ஒட்சிசன் தரும் இரசாயனக் கலமொன்றையும் துணையாக எரித்தனர். அதிலிருந்து தீ பீறிட்டது, புகை சூழ்ந்தது, தப்பிச்செல்லும் கலங்கள் இரண்டில் ஒன்றுக்குரிய வழி அடைபட்டது. அறுவரும் உயிர்தப்பியமை நற்பேறே.

எஞ்சும் ஐதரசனும் வீணன்று. அதனை மக்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டோடு சேர்த்தால் மீண்டும் நீர் பிறக்கும். பிரெஞ்சு அறிஞர் சபத்தியே கண்ட இத்தாக்கத்தைப் பயன்படுத்தும் கருவி 2010இல் நிலையத்தை அடைந்தது.

ஆய்வுகூடத்திலே குமிழி மேலெழக் காணும் மாணவன், அதனை எழச் செய்வது யாதென ஒருமுறை ஆசிரியரைக் கேட்பானாக.