ஊன்றும் காலின் ஆற்றல்

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் ஊனமுற்றார். ஆயினும் 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் வென்றார். இடக்காலை ஊன்றியே அவர் எழும்புகிறார். ஒரே உடலில் ஒரு கால் மட்டும் இத்துணை ஆற்றல் பெறுவது எவ்வாறு?

தசை என்பது நுண்ணிய இழைகளின் கட்டு. அவ்விழைகளில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. மெதுவாகச் சுருங்கி, நெடுநேரம் சளைக்காமல் உழைப்பவை ஒரு வகை. விரைந்து சுருங்கி, மிகுந்த விசை தந்து, விரைவிலேயே களைப்பவை மற்றொரு வகை. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றதன்றோ? கோழியின் தொடைக்கறி சிவந்தும், நெஞ்சுக்கறி வெளிறியும் இருக்கக் காண்கிறோம். நாளெல்லாம் நின்று நடக்கும் காலில் உயிர்வளியைத் தேக்கும் செந்நிறப் பொருள் மிகுதி. எப்போதேனும் சிறகடிக்க உதவும் நெஞ்சில் அது குறைவு.

அப்படியாயின், பழகிய காலில் ஒரு வகை இழையும் பழகாத காலில் மற்றொரு வகையுமே நிறைந்திருக்கும் எனக் கருதலாமா? கூடாது. இழைகளின் விகிதத்தில் மரபின் பங்கு பெரிது; இரு கால்களுக்கும் மரபு ஒன்றே. பயிற்சியினால் முதன்மையாக நேர்வன இரண்டு. இழைகள் பருக்கின்றன, நரம்புகள் ஒரே நேரத்தில் மிகுதியான இழைகளைத் தூண்டக் கற்றுக்கொள்கின்றன. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கையில் தசை மட்டுமன்று, எலும்புங்கூடத் தடித்திருக்கக் காணலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாவுக்கட்டில் கிடக்கும் கை சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது. நெடுங்காலம் அசைவற்ற தசை, எளிதில் களைக்கும் இயல்பையும் அடைகிறது.

ஆனால் இயற்கை இங்கே ஓர் உதவியும் செய்திருக்கிறது. 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சியளித்தனர். பயிற்சி பெறாத கையும் வலிமை கூடியிருக்கக் கண்டனர்! அக்கையின் இழைகள் பருத்ததனால் அன்று. மூளையும் நரம்பும் கற்ற பாடம் மறுபக்கத்திற்கும் பயன்பட்டதனாலேயே இது நிகழ்கிறது.

மாணவ நண்பர்களே! கபடியிலோ கைப்பந்திலோ ஒரு காலில் அடிபட்டால், அதற்கு மருத்துவர் சொல்லும் ஓய்வைக் கொடுங்கள். அவர் இசைந்தால், மற்றக் காலின் பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஆடுகளம் திரும்புமுன், இரு கால்களின் வலிமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; மெலிந்த காலைத் தேற்றாமல் விரைந்தால் மீண்டும் அடிபடக்கூடும். கையும் காலும் பிறப்பில் நாம் பெற்ற முதல்; அதைப் பெருக்குவது நம் உழைப்பே.