45 வயதில் விழுந்த குத்து!

நாற்பத்தைந்து வயது என்றால் நம் வீடுகளில் என்ன வயது? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற வயது.

அந்த வயதில் ஒருவர் குத்துச்சண்டைக் கோதாவில் ஏறினார். எதிரே நின்றவருக்கு வயது 26. அதுவரை தோல்வியே காணாத உலக சாம்பியன்!

நடந்த இடம் அமெரிக்காவில் உள்ள லாஸ் வேகாஸ் நகரம். நாள், 1994-ம் ஆண்டு நவம்பர் 5. பெரியவரின் பெயர் ஜார்ஜ் போர்மன். இளைஞரின் பெயர் மைக்கேல் மூரர்.

ஒன்பது ரவுண்டு வரை மூரரின் கைதான் ஓங்கியிருந்தது. மூன்று நடுவர்கள் போட்ட மார்க்குப்படியும் அவரே முன்னால் இருந்தார். போர்மன் வாங்கிக்கொண்டே நின்றார்.

பத்தாவது ரவுண்டு. போர்மன் வலது கையை நீட்டினார். நீட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் இழுத்து ஓங்கிக்கூட அடிக்கவில்லை. அது மூரரின் மோவாயில் போய் விழுந்தது. மூரர் மல்லாந்து சாய்ந்தார். மத்தியஸ்தர் பத்து வரை எண்ணி முடித்தார். மூரர் எழுந்திருக்கவில்லை.

போர்மன் கோதாவின் மூலைக்குப் போய் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். அதிக எடைப் பிரிவில் அவ்வளவு வயதில் உலகப் பட்டம் வென்றவர் அதற்கு முன்னும் இல்லை. அதற்குப் பின்னும் இல்லை.

வயது ஏற ஏற உடம்பில் பலம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? அப்படியானால் அந்தக் குத்து எங்கிருந்து வந்தது?

வாலிபத்தில் எப்படி?

போர்மன் 1949-ல் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1973 ஜனவரியில் ஜமைக்கா தீவில் ஜோ பிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளி உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டு அக்டோபர் வரை 40 சண்டை போட்டார். நாற்பதிலும் வெற்றி. அதில் 37 பேர் முழுச் சண்டையும் நிற்க முடியாமல் 'நாக்-அவுட்' ஆனவர்கள்.

பிறகு ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரில் முகமது அலியைச் சந்தித்தார். ஆம், 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டாரே, அதே அலிதான். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, "குத்து, குத்து" என்று விட்டுவிட்டார். போர்மன் குத்தினார், குத்தினார், கை ஓய்கிற வரை குத்தினார். எட்டாவது ரவுண்டில் அலி அவரைச் சாய்த்தார்.

அந்த 25 வயதில் போர்மனிடம் இல்லாதது பலம் அல்ல, நிதானம்.

1977-ல் இன்னொரு தோல்விக்குப் பிறகு அவர் சண்டையை விட்டார். ஹூஸ்டன் நகரில் கிறிஸ்தவப் பிரசங்கியார் ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு மன்றம் வைத்தார். மன்றத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 1987-ல், 38 வயதில், மொட்டைத் தலையும் பருத்த உடம்புமாக மறுபடி கோதாவுக்கு வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

குத்து பிறக்கும் இடம்

குத்து கையில் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காலில் பிறக்கிறது. பாதம் தரையை உந்துகிறது. அந்த உந்தல் தொடைக்கு வந்து, இடுப்பில் திரும்பி, தோளுக்கு ஏறி, கடைசியில்தான் முஷ்டிக்கு வருகிறது.

நம் தசைகளில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று மெதுவாக இயங்கும், லேசில் களைக்காது. மற்றது சட்டென்று இயங்கும், சீக்கிரம் களைத்துவிடும். வயது ஏறும்போது முதலில் மெலிவது இந்தச் சட்டென்று இயங்கும் நார்தான். அதனால் முதலில் குறைவது வேகம். வெறும் பலம் அவ்வளவு விரைவில் போவதில்லை. நாற்பது வயதில் ஓட்டப் பந்தயத்தில் இளைஞரை முந்துவது கஷ்டம். ஆனால் நாற்பது வயதுக்காரர் மூட்டை தூக்குவதில் இளைஞருக்குச் சளைப்பதில்லை, அல்லவா?

குத்துக்கு வேகம் மட்டும் போதாது, கனமும் வேண்டும். நெல் குத்தும் பாட்டியைப் பாருங்கள். பாட்டி கையை வீசி அடிப்பதில்லை. உலக்கையை உயர்த்தி, அதன் கனத்தையே இறங்க விடுகிறாள். மூரரைச் சந்தித்தபோது போர்மனின் எடை 250 ராத்தல், அதாவது 113 கிலோ. மூரரைவிட 28 ராத்தல் கூடுதல். அந்தக் கனம் முழுவதும் ஒரு முஷ்டிக்குப் பின்னால் நின்றது.

இன்னொன்றும் உண்டு. வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து தானாக இறுகும். தலை அவ்வளவு ஆடாது. எதிர்பாராமல் விழும் குத்துதான் ஆளைச் சாய்க்கும். எப்போது, எங்கே குத்துவது என்ற அந்தக் கணக்கு வயதோடு வளரும் விஷயம்.

எல்லோருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. மைக் டைசன் 1986-ல் 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர். குள்ளமானவர். பாய்ந்து உள்ளே புகுந்தால்தான் அவருடைய குத்து எட்டும். பாய்வதற்குக் கால் வேண்டும். 2024 நவம்பரில், 58 வயதில், 27 வயது ஜேக் பாலுடன் எட்டு ரவுண்டு ஆடினார். கால் ஓடவில்லை, குத்தும் போய்ச் சேரவில்லை. மார்க்கில் தோற்றார். போர்மனோ நெட்டையர். நின்ற இடத்தில் நின்றால் போதும், எதிராளி தேடி வருவார்.

வாங்குகிற தலை

குத்துகிற கை தாங்கலாம். குத்து வாங்குகிற தலை?

அலிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இதைச் சொல்லக் கூடாது. 1980 அக்டோபரில், 38 வயதில், அலி திரும்பி வந்து லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்து ரவுண்டும் அடி வாங்கினார். பிறகு அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டியே சண்டையை நிறுத்தினார். 1984-ல் அலிக்கு நடுக்கு வாத நோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியபோது அந்தக் கை நடுங்கியதை உலகமே பார்த்தது.

அதே டண்டிதான் 1994-ல் போர்மனின் மூலையில் நின்றார். இருபது வருஷத்துக்கு முன் கின்ஷாசாவில் எதிர் மூலையில் நின்றவர்! போர்மனும் அன்று கின்ஷாசாவில் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்பு நிஜாரை அணிந்து வந்திருந்தார்.

பட்டம் வென்ற பிறகு அவர் இன்னும் நான்கு சண்டை போட்டார். மூன்றில் மார்க்கில் வெற்றி. 1997 நவம்பரில் நடந்த கடைசிச் சண்டையில் மார்க்கில் தோல்வி. நான்கிலும் ஒருவரைக்கூட அவரால் 'நாக்-அவுட்' செய்ய முடியவில்லை. மூரரைச் சாய்த்த அந்தக் குத்துதான் கடைசி. அத்தோடு 68 'நாக்-அவுட்'.

2004-ல், 55 வயதில், மறுபடி கோதாவில் இறங்கப் போவதாகச் சொன்னார். மனைவி விடவில்லை. போர்மன் வீட்டிலேயே இருந்துவிட்டார். 2025 மார்ச்சில் 76 வயதில் காலமானார்.