திறந்தவெளி அரங்கில் கால்பந்து ஆட்டமும் கடும் வெப்பமும்: பார்வையாளர்களும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

கடும் வெயிலில் நடைபெறும் கால்பந்து ஆட்டங்களில் ஆபத்து ஆடுகளத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். ஆடுபவர்கள் ஓடுகின்றனர், நாம் அமர்ந்துதானே இருக்கிறோம் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால், ஆட்டக்காரர் இருபது முப்பது வயதுடையவர், பயிற்சி பெற்றவர், அவருடைய அணியின் மருத்துவர் சில அடி தூரத்தில் நிற்கிறார். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவரோ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உட்கொண்டு வரும், அறுபத்தைந்து வயதுடைய உங்கள் தந்தையாக இருக்கலாம்.

இதை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. மகனையோ மகளையோ காண அமெரிக்காவுக்குச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் அங்குக் கோடை நிலவும் மாதங்களிலேயே செல்கின்றனர். 2026 உலகக் கோப்பைப் போட்டிகள் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை என வகுக்கப்பட்டவை. அவற்றுக்குத் தேர்வான அரங்குகளில் டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா ஆகியவற்றில் உள்ளவை மூடக்கூடிய கூரையும் குளிர்பதன வசதியும் கொண்டவை. மயாமி, கான்சஸ் சிட்டி, பிலடெல்பியா, மான்டெரே ஆகிய இடங்களில் உள்ளவை திறந்தவை. "நம் ஊர் வெயிலைப் பார்த்தவருக்கு அந்த ஊர் வெயில் என்ன செய்யும்?" என்று எண்ணுவது தவறு. வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் தேவைப்படுகின்றன. குளிரூட்டிய வீட்டிலும் மகிழுந்திலும் சில வாரங்கள் கழித்தவரிடம் அந்தப் பழக்கம் பெரிதும் குறைந்திருக்கும்.

வெப்பத்தை உடல் எவ்வாறு வெளியேற்றுகிறது?

உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிலைத்திருக்க வேண்டும். வெப்பம் மிகும்போது தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெருகுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்வை சுரக்கிறது. குளிர்ச்சியைத் தருவது வியர்வை சுரப்பதன்று, அது ஆவியாவதே. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே விழும். அவ்வாறு விழும் வியர்வையால் உடலுக்கு நீரிழப்பு ஏற்படுகிறதேயன்றிப் பயன் ஏதும் இல்லை.

ஆகவே, கைப்பேசியில் காணும் காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. விளையாட்டு மருத்துவத்தில் ஈரக்குமிழ்–கோளக வெப்பநிலை என்ற குறியீடு பயன்படுத்தப்படுகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைக்கப்பட்ட கருங்கோளத்தினுள் உள்ள வெப்பமானியின் அளவில் 20 விழுக்காடு, நிழலில் எடுத்த காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடு ஆகியவற்றைக் கூட்டி இது கணக்கிடப்படுகிறது. சான்றாக, இவை முறையே 27, 45, 34 டிகிரி எனக் கொண்டால் குறியீடு 31.3 டிகிரி ஆகும். உங்கள் கைப்பேசி 34 டிகிரி என்று காட்டும், 31.3 என்பது அதைவிடக் குறைவாகவும் தோன்றும். ஆனால், இவ்விரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, இக்குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே குளிர்விப்பு இடைவேளை தரலாம் என வகுத்திருந்தது. ஆட்டக்காரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோவோ, 28 டிகிரியிலேயே இடைவேளை வேண்டும், 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. மருத்துவர் என்ற முறையில் இரண்டாவது நிலைப்பாடே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதய நோயாளி ஒருவருக்கு 28 டிகிரி என்பதே எச்சரிக்கை எல்லை.

ஆடுகளங்களில் நிகழ்ந்தவை

அமெரிக்கக் கால்பந்து வேறு வகை ஆட்டம். அதில் தலைக்கவசமும் தடித்த காப்புறைகளும் அணிய வேண்டும். அவை வியர்வை ஆவியாவதைத் தடுக்கின்றன. மின்னசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஜூலை 31 அன்று பயிற்சியின்போது நிலைகுலைந்தார். மறுநாள் அதிகாலையில் உயிரிழந்தார். அவருக்கு வயது 27. மருத்துவமனையில் அளவிடப்பட்ட உடல் வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. அவருடைய பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் இயங்கும் நிறுவனம், வெப்பத்தாக்கு மரணங்களைத் தடுப்பதற்காக ஒரு விதியை வலியுறுத்தி வருகிறது: முதலில் குளிர்விக்க வேண்டும், பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதன் காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

2014 உலகக் கோப்பையில் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் நெதர்லாந்து, மெக்சிகோ அணிகள் மோதிய ஆட்டத்தில் குளிர்விப்பு இடைவேளை தரப்பட்டது. கத்தாரில் நடைபெற்ற 2022 உலகக் கோப்பை, வெப்பத்தின் காரணமாகவே நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மாற்றப்பட்டது. 2024 ஜூனில் கான்சஸ் சிட்டியில் பெரு, கனடா அணிகள் ஆடிய கோபா அமெரிக்கா ஆட்டத்தில் துணை நடுவர் ஒருவர் முதற்பாதி முடியும் தறுவாயில் சரிந்து விழுந்தார்.

இவற்றைவிடப் பார்வையாளருக்குப் பாடமாக அமைவது 2025 ஜூனில் சின்சினாட்டி நகரில் கண்ட காட்சி. கிளப் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி, தன் மாற்று ஆட்டக்காரர்களை முதற்பாதி முழுவதும் உடைமாற்றும் அறையிலேயே அமர்த்தி, அங்கிருந்தே ஆட்டத்தைக் காணச் செய்தது. மாற்று ஆட்டக்காரர்கள் ஓடுபவர்கள் அல்லர்; வெறுமனே அமர்ந்திருப்பவர்கள். வெயிலில் அமர்ந்திருப்பதே உடலுக்குச் சுமை என்று ஒரு தொழில்முறை அணி கருதியது. பார்வையாளரும் அவ்வாறு அமர்ந்திருப்பவர்தான்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளோர், முன்பு வெப்பத்தாக்கு ஏற்பட்டோர், அண்மையில் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கிலிருந்து மீண்டோர் ஆகியோர் இப்பிரிவில் அடங்குவர். வயது முதிரும்போது தாக உணர்வு மங்குகிறது. "எனக்குத் தாகமே இல்லை" என்று உங்கள் தாயார் கூறினால், அது அவருக்கு நீர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது.

உட்கொள்ளும் மருந்துகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். நீர் பிரிவதற்கான மாத்திரைகளான ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை நீரிழப்பை விரைவுபடுத்தும். நீரிழிவுக்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும் சிறுநீரை மிகுவிக்கும். அடினலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் வெப்பத்தில் இதயத் துடிப்பு தேவையான அளவு உயர்வதைத் தடுக்கும். மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பினால் மருந்தின் அளவு இரத்தத்தில் நச்சு நிலைக்கு உயரக்கூடும். இதனைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். அதனால் விளையும் கேடு வெப்பத்தினும் பெரிதாகலாம். ஆட்டத்திற்குச் செல்வதற்கு ஒரு வாரம் முன்பாக உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதயச் செயலிழப்பிற்காக நாளொன்றுக்கு இவ்வளவு நீர்தான் என வரையறுக்கப்பட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை, வெயில் மிகுந்த பிற்பகல் ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் காண்பதே நான் தரும் அறிவுரை.

இன்சுலினை வெயிலில் நிற்கும் மகிழுந்தில் விட்டுச் செல்லாதீர்கள். அதன் வீரியம் கெடும். பனிக்கட்டியின் மீது நேரடியாகவும் வைக்கலாகாது. குளிர்காப்புப் பையில் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருந்தால் நுழைவாயில் சோதனையில் இடர் இராது.

செல்லும் முன்னும் அரங்கிலும்

ஆட்டம் 90 நிமிடங்கள்தான். ஆனால், வாகன நிறுத்தத்திலிருந்து நடப்பது, நுழைவாயில் வரிசையில் நிற்பது, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைவது ஆகியவற்றையும் கூட்டினால் நான்கைந்து மணி நேரம் வெளியில் கழிகிறது. நிழலே இல்லாத நுழைவாயில் வரிசையே பல வேளைகளில் மிகக் கடினமான பகுதி.

இருக்கையைத் தேர்வு செய்யும்போதே பாதிப் பாதுகாப்பு அமைந்துவிடுகிறது. பிற்பகலில் சூரியன் மேற்கே சாய்வதால், மேற்குப் பக்க மாடத்தில் அமர்வோருக்கு மாடத்தின் நிழல் முதலில் கிடைக்கும். கிழக்குப் பக்கத்தில் அமர்வோர் முகத்தில் வெயில் விழும். விலை சற்றுக் கூடுதலாக இருப்பினும் நிழல் இருக்கையையே முதியோருக்கு வாங்குங்கள்.

தண்ணீர் பாட்டிலை உள்ளே அனுமதிப்பார்களா என்பதை அரங்கின் அறிவிப்பில் முன்னரே பாருங்கள். வெறும் பாட்டிலை எடுத்துச் சென்று உள்ளே நிரப்பிக்கொள்ளச் சில அரங்குகள் இடமளிக்கின்றன. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை சிறிதளவு பருகுங்கள். அதே வேளையில், மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் நீரைக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் ஏற்படக்கூடும். மதுவைத் தவிருங்கள். கழிப்பறை வரிசைக்கு அஞ்சி நீர் அருந்தாமலிருப்பது பெண்களிடமும் முதியோரிடமும் பரவலாக உள்ளது. இடைவேளைக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே எழுந்து சென்றால் வரிசை குறைவாக இருக்கும். ஒரு கோல் தவறிப்போகலாம்; போகட்டும்.

அரங்கை அடைந்ததும் முதலுதவி நிலையம் எங்குள்ளது என்பதைப் பார்த்து வையுங்கள்.

அறிகுறிகளும் முதலுதவியும்

முதல் நிலை வெப்பத் தளர்ச்சி எனப்படும். மிகுந்த வியர்வை, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, சோர்வு ஆகியவை தோன்றும். ஆனால், அவர் தெளிவாகப் பேசுவார். உடனே நிழலுக்கோ குளிரூட்டிய நடைகூடத்திற்கோ அழைத்துச் சென்று படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். ஆடைகளைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் தேறாவிடில் மருத்துவ உதவி தேவை. தேறினாலும் அன்று மீண்டும் இருக்கைக்குத் திரும்ப வேண்டாம்.

அடுத்த நிலை வெப்பத்தாக்கு. இதனைச் சிலர் "வெப்பப் பக்கவாதம்" என மொழிபெயர்க்கின்றனர். இது பக்கவாதம் அன்று. கை கால் விளங்காமற் போகும் வரை காத்திருந்து காலம் இழக்க அந்தச் சொல் காரணமாகிவிடும். உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளையின் செயல்பாடு தடுமாறுவதே வெப்பத்தாக்கு. பேச்சுக் குழறல், குழப்பம், காரணமற்ற எரிச்சல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வெயிலில் இருந்தவரிடம் தோன்றினால், வேறொன்று உறுதியாகும்வரை அதை வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்பது பழைய கருத்து. உடலை வருத்தியவர்களுக்கு நேரும் வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இன்று என்ன கிழமை? எந்த அணிகள் ஆடுகின்றன?" என்று கேளுங்கள். விடை தடுமாறினால் அதுவே போதிய அறிகுறி.

ஒருவர் அவசர ஊர்திக்கு அழைக்கட்டும்: இந்தியாவில் 108, அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் 911. மற்றவர் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உள்ளுறுப்புகள் எவ்வளவு நேரம் அந்த வெப்பத்தில் இருக்கின்றன என்பதே உயிர் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. நிலைகுலைந்த அரை மணி நேரத்திற்குள் உடல் குளிர்விக்கப்பட்ட விளையாட்டு வீரர்கள் ஏறத்தாழ அனைவரும் பிழைக்கின்றனர். ஊர்தி வரும்வரை வாளாவிருந்தால் அந்த அரை மணி கடந்துவிடும். அணிகளின் மருத்துவக் குழுக்கள் வீரரைப் பனிக்கட்டி நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துகின்றன. உங்களிடம் தொட்டி இராது. உடல் முழுவதும் நீரை ஊற்றி, அட்டையாலோ துணியாலோ விடாமல் விசிறுங்கள். தின்பண்டக் கடைகளில் பனிக்கட்டி கிடைக்கும். துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள்.

தெளிவற்ற நிலையில் இருப்பவரின் வாயில் நீரோ சோடாவோ ஊற்றலாகாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயன் ஏதும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால், ஆஸ்பிரின் ஆகியவை இந்த வெப்பத்தைக் குறைக்கமாட்டா. கல்லீரலுக்கும் இரத்த உறைவுக்கும் கேடு செய்யக்கூடும். நீரிழிவு உள்ளவராயின் சர்க்கரை குறைந்ததாலும் இதே குழப்பம் நேரலாம். கருவி கையிலிருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், ஆனால் அதற்காகக் குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.

அடுத்து வரும் நாட்கள்

வெப்பத்தாக்கு ஏற்பட்டவர் விரைவில் எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தசை ஆகியவற்றின் பாதிப்பு ஓரிரு நாட்கள் கழித்தே இரத்தப் பரிசோதனையில் வெளிப்படுவதுண்டு. சிறுநீர் தேநீர் வடிநீர் போலக் கருத்திருந்தாலோ, அளவு மிகக் குறைந்தாலோ, கண்கள் மஞ்சளித்தாலோ, இரவு பகல் பாராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நிறுத்தி வைக்கப்பட்ட இரத்த அழுத்த மாத்திரைகளையும் நீர் பிரியும் மாத்திரைகளையும் எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்பதை வீடு திரும்பும் நாளன்றே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.